மருந்து குடித்தவள்

மாத்திரை என்றால் போட்டுக்கொள்கிறோம். காய்ச்சல் என்றால் மருந்து சாப்பிடுகிறோம். ஆனால் இன்னார் வீட்டுப் பெண் மருந்து குடித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால், என்ன மருந்து, எத்தனை வேளை என்றா கேட்கிறோம்? வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஓடுகிறோம். சாப்பிட்டால் பிழைக்க, குடித்தால் சாக. யார் இப்படிப் பிரித்து வைத்தார்களோ தெரியாது, நம் எல்லோர் வாயிலும் இது ஊறிப்போய்க் கிடக்கிறது. ஒரு தையல்காரியின் தலையில் மண் விழுந்தது இதனால்தான்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. ஆறு மெஷினில் ஜன்னலோரத்து மெஷின் அவளுடையது. ஒரே நாளில் பதினெட்டுப் பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைப்பாள், ஒரு மடிப்பு கோணாது. அப்படிப்பட்ட கைகாரிக்கு பஸ் என்றால் மட்டும் குலை நடுங்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், வண்டி நகரக்கூட வேண்டாம், குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். கல்யாணமாகி மலைமேல் இருக்கிற புருஷன் ஊருக்குப் போன முதல் நாளே மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தவள் அவள். அதை அந்த மனுஷன் எட்டு வருஷம் விடாமல் சொல்லிக் காட்டினான்.

அவன் சர்வேயர். நிலம் அளப்பவன். வீட்டுக்கு வந்தாலும் நிலம் அளக்கிற சங்கிலியைக் கீழே வைக்கமாட்டான். அவள் போடுகிற உப்பை அளப்பான், அக்காவிடம் போனில் பேசுகிற நேரத்தை அளப்பான், சிரித்தால் அதையும் அளப்பான். ஒரு நாளும் கை நீட்டியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அதனாலேயே அவள் ஏன் அவனை விட்டு வந்தாள் என்று யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் ஆறு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு பையோடு மலையிறங்கி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். சுண்டு தனக்கு வேண்டும் என்று சர்வேயர் தன் ஊர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். ஆக, வாய்தாவுக்கு வாய்தா அவள் நாலு மணி நேரம் பஸ்ஸில் மலையேற வேண்டும். முப்பத்தாறு வளைவு.

முதல் வாய்தாவுக்குப் போனபோது கோர்ட்டு வாசலில் இறங்கியவளைப் பார்த்து அவள் வக்கீலம்மாவே பயந்துபோனாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, முந்தானை நனைந்திருந்தது. ஜட்ஜ் கேட்ட கேள்விக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. "தன் உடம்பையே பாத்துக்க முடியாதவங்க பிள்ளையை எப்படிங்க பாத்துப்பாங்க?" என்றார்.

"அடுத்த வாய்தாவுக்கு நீங்க தெளிவா, நிமிர்ந்து நிக்கணும்" என்று வக்கீலம்மா கண்டித்துச் சொன்னாள். "வேலை இருக்கு, வீடு இருக்கு, பள்ளிக்கூடத்துல சேத்தாச்சுன்னு உங்க வாயால சொல்லணும். அன்னைக்கு மட்டும் கோட்டை விட்டீங்க, பிள்ளை கையை விட்டுப் போயிடும்."

அக்கா வீட்டுக்கு வந்து போகிற காலத்திலிருந்தே தெருமுனை மருந்துக்கடைக்காரர் அவளுக்கு மருந்து கொடுத்துப் பழக்கம்தான். மாத்திரை அவளுக்குத் தொண்டையில் நின்றுவிடும். அதனால் சிரப். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற அதே அலர்ஜி மருந்து, பஸ்ஸில் தலை சுற்றுவதையும் அடக்கும். போன தடவை அவசரத்தில் மறந்து போயிருந்தாள். "பஸ் ஏற அரை மணி நேரம் முன்னாடி ஒரு ஸ்பூன். வாந்தி ஆரம்பிச்ச பிறகு குடிச்சா ஒண்ணுக்கும் ஆகாது" என்று அவர் மறுபடியும் பாடம் நடத்தினார். "தூக்கம் வரும், மெஷின்கிட்ட போயிடாதீங்க. விரலைத் தச்சுக்குவீங்க."

பெரிய பாட்டில் பையில் ஒழுகுகிறது என்று, தேன் வாங்கிய சின்ன பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றிக்கொண்டாள். நல்ல யோசனை என்றுதான் நினைத்தாள். அந்த பாட்டிலில் லேபிள் கிடையாது.

லீவு கேட்டதற்கு முதலாளி இரண்டு நாள் வேலையைச் சேர்த்து முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். முடித்தாள். சரியான தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை. காலையில் சுண்டுவை அக்கா பொறுப்பில் விட்டுவிட்டு, வீட்டிலேயே அளந்து ஒரு ஸ்பூன் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் டீசல் புகை மூக்கில் ஏறியது. தூணோரமாய் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். குடித்த மருந்தும் அதோடு போயிருக்கும் என்று நினைத்து இன்னொரு வாய் குடித்தாள். பஸ்ஸுக்குள் ஸ்பூனுக்கு எங்கே போவது? பாட்டில் மூடிதான் அளவு. முதல் வளைவு வந்தபோது வயிறு மறுபடி ஒரு புரட்டுப் புரட்டியது. வெளுத்த முகத்தோடு கோர்ட்டில் நிற்கப்போகிறோம் என்ற பயத்தில் இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பஸ்ஸில் அவள் தூங்கினாள். மீதி முப்பத்தைந்து வளைவும் அவளுக்குத் தெரியாமலே போய்விட்டன.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து எழுப்பினார். அசையவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினார். கண் பாதி திறந்தது, மறுபடி சொருகியது. மடியில் லேபிள் இல்லாத பாட்டில்.

"என்னம்மா இது? என்ன பண்ணீங்க?"

"மருந்து..." என்றாள் அவள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "மருந்து குடிச்சேன்."

"ஐயோ! எதுக்கும்மா?"

"தாங்க முடியலண்ணே."

"வீட்டுல யாரு இருக்காங்க? யாருக்குச் சொல்லணும்?"

"கோர்ட்டுக்குப் போகணும்... பிள்ளை..."

ஒரு வார்த்தை பொய்யில்லை. கண்டக்டரும் ஒரு வார்த்தையைத் திரித்துக் கேட்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன தெரிய வேண்டும்? நல்ல மனுஷன், தன் டிக்கெட் பையைக்கூட டிரைவரிடம் வீசிவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். "தங்கச்சி, தூங்கிடாதம்மா, அண்ணன் இருக்கேன்" என்று வழியெல்லாம் கன்னத்தில் தட்டிக்கொண்டே போனார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததாக ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெளிவாக விழிப்பு வந்தபோது தொண்டைக்குள் ரப்பர் குழாய் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்திருந்தார்கள். வாளி வாளியாய்த் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்தது. வாந்திக்குப் பயந்து மருந்து குடித்தவள், பிறந்ததிலிருந்து பஸ்ஸில் எடுத்த மொத்த வாந்தியையும் அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்து முடித்தாள்.

"பிள்ளை பெத்தவ செய்யற காரியமாடி இது?" என்று வயசான நர்ஸ் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். கை மெதுவாகத்தான் துடைத்தது.

"அம்மா, இது பஸ்ஸுக்குக் குடிக்கிற மருந்தும்மா. வாந்தி வராம இருக்கிறதுக்கு."

"ஆமா ஆமா. எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவீங்க. போன வாரம் ஒருத்தி தலைவலித் தைலம்னு சொன்னா."

சின்ன டாக்டர் சீட்டெழுதினார்: பெயர் தெரியாத மருந்தை அருந்தியதாக உடன் வந்தவர் கூறுகிறார். பாட்டிலை ஒரு தட்டில் வைத்தார்கள். அதை யாரோ கழுவி வைத்துவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "வாழ்க்கையில வெறுப்பாம்மா?" என்று அக்கறையாக விசாரித்தார். வெறுப்பில்லை, வாய்தா என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். மணி மூன்றரை. கோர்ட்டில் அவள் பேரை மூன்று தடவை கூப்பிட்டு முடித்திருப்பார்கள்.

சாயங்காலம் சர்வேயர் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறது, அழுதான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

"நான் சாகறதுக்கு ஒண்ணும் குடிக்கல. கேளுங்க..."

"நீ ஒண்ணும் பேசாத. ரெஸ்ட் எடு. பிள்ளையை நான் பாத்துக்கறேன்."

மறுநாளே மலையிறங்கிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிச் சுண்டுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அக்காவும் தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய அக்காவே, "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்படி என்னடி கஷ்டம் உனக்கு?" என்று போனில் தேம்பிக்கொண்டிருந்தாள். கடையில் மற்ற ஐந்து மெஷின்காரிகளும் அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெரிய கத்தரிக்கோலை யாரோ அவள் மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒருத்தரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அத்தனை பேரும் தங்கமானவர்கள். ஒரே ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்தாவது அழுதிருக்கலாம்.

கோர்ட்டும் அப்போதைக்குப் பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும் என்றது. ஆறு மாசம் ஓடியது. ஆறு மாசமும் அவள் பார்த்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்களெல்லாம், "சரிம்மா, சரிம்மா" என்றார்கள். அந்தச் 'சரிம்மா' அவளுக்குச் செருப்படியை விட மோசமாக இருந்தது. கடைசியில் அவளும் நம்பவைக்கிற முயற்சியை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இப்போது பார், அழுத்தமாகிவிட்டாள் என்றார்கள்.

கடைசி விசாரணைக்கு அவள் மருந்தே குடிக்காமல் போனாள். ஒரு நாள் முன்னதாகவே மலையேறி, வழியெல்லாம் பாலிதீன் பைக்குள் வாந்தி எடுத்து, வக்கீலம்மா வீட்டுப் பழைய சோபாவில் படுத்துக் கிடந்து, காலையில் குளித்துத் தலைவாரி நிமிர்ந்து நின்றாள்.

முதலில் கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். இறங்கிப் போகும்போது அவளைப் பார்த்து, "நல்லாயிருக்கியாம்மா?" என்று கேட்டார். ஜட்ஜே சிரித்துவிட்டார்.

அடுத்து வக்கீலம்மா பேசினாள். விட்டு விளாசினாள் என்றுதான் சொல்லவேண்டும். மருந்துக்கடைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு நாலு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார். அதே மருந்தின் பெரிய பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"இது ஆன்டிஹிஸ்டமின் ஐயா. சளி, அரிப்பு, அலர்ஜிக்கு. பிரயாண வாந்தியையும் தடுக்கும். நல்லாத் தூக்கம் வரும். பட்டினியா இருந்து, ரெண்டு நாள் முழிச்சு, அளவும் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா இந்தம்மா தூங்கின மாதிரிதான் தூங்குவாங்க. சாகறதுக்கு எவளும் இதைத் தேடி வாங்கமாட்டா."

ஜட்ஜ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். வயசானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். ஆறு மாசத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் தன்னை நம்புகிறார் என்று அவளுக்குப் பட்டது. உட்கார்ந்திருந்த பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இல்லையென்றால் எழுந்து அவர் காலில் விழுந்திருப்பாள்.

"ஜெயிச்சாச்சு" என்று வக்கீலம்மா காதோரம் சொன்னாள். "இனி பிள்ளைகிட்ட ரெண்டு கேள்வி கேப்பாரு. அவ்வளவுதான், இன்னைக்கே முடிச்சிடுவாரு. உங்களைக் கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சந்தேகமா இருந்தா ஞாபகம் இல்லைன்னுடுங்க."

பிள்ளையைத் தனியாகத்தான் விசாரிப்பது வழக்கமாம். ஆனால் ஜட்ஜ் அறை வாசலில் சுண்டு காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். அம்மாவும் வரணும், அப்பாவும் வரணும், இல்லாவிட்டால் உள்ளே வரமாட்டேன் என்றாள். ஜட்ஜ் இரண்டு பேரையும் வரச்சொன்னார். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சுண்டு நடுவில், கால் எட்டாத நாற்காலியில். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவை விழுந்த நாள் அம்மாவுக்குத் தெரியாது.

"அம்மா பஸ்ல வரும்போது மருந்து குடிப்பாங்களா?" என்று ஜட்ஜ் கேட்டார். அவளுக்குச் சாதகமாகத்தான் கேட்டார்.

"ஆமா. எனக்கும் குடுப்பாங்க. எனக்கும் வாந்தி வரும்ல. அம்மாவுக்கு ஒரு ஸ்பூன், எனக்கு அரை ஸ்பூன்."

"பஸ்ல போகும்போது மட்டும்தானே?"

"ஆமா." சுண்டு கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் யோசிக்கிற மாதிரி மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். "ஆனா அப்பா வீட்டுலேருந்து போன அன்னைக்கு மட்டும் எனக்கும் முழு ஸ்பூன். நான் அப்பாகிட்ட போகணும்னு அழுதேன்ல. இதைக் குடிச்சா அழுகை வராதுன்னு அம்மா சொன்னாங்க. தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பெரியம்மா வீடு."

சர்வேயர் சடாரென்று தலையைத் திருப்பினான். அவனுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. அவளே அதை நினைத்துப் பார்க்காமல் எங்கோ அடியில் போட்டு மூடி வைத்திருந்தாள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் பிள்ளை அப்பா, அப்பா என்று தரையில் புரண்டது. போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், தெரிந்தவன் ஒருத்தன் பார்த்தாலும் புருஷனுக்குச் சேதி போய்விடும். பையில் கைவிட்டாள். அரை ஸ்பூன் ஊற்றினாள். பிறகு ஸ்பூன் நிறைய ஊற்றினாள். பத்து வளைவு தாண்டுமுன் சுண்டு அவள் மடியில் துணி மாதிரி துவண்டது. மீதி வழி முழுக்க இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். இனி சத்தியமாகச் செய்யமாட்டேன் என்று அழுதாள், செய்யவும் இல்லை.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"இது உண்மையாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. சின்னப் பிள்ளை. எதையாவது மாத்திச் சொல்லியிருக்கலாம். பிள்ளைங்க அப்படிச் சொல்றது சகஜம்தான்."

கதவைத் திறந்தே விட்டார் பெரியவர். நுழைந்து போக வேண்டியதுதான் பாக்கி. இல்லைங்கய்யா, குழந்தை ஏதோ குழப்பிக்கொள்கிறாள் என்றால் முடிந்தது. ஞாபகம் இல்லை என்றாலும் முடிந்தது. சுண்டு சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கும். வாய்வரை வந்துவிட்டது அந்தச் சொல்.

சுண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமெல்லாம் இல்லை. சரியாகச் சொன்னோமா என்று கேட்கிற பார்வை. நடந்ததை நடந்தபடி சொன்ன பிள்ளை, அதை இன்னொருத்தர் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தது. உண்மையைச் சொல்லி ஒருத்தரும் நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? ஆறு மாசம் தின்றிருக்கிறாள் அதை. பெரியவர்கள் 'சரிம்மா, சரிம்மா' என்று தலையைத் தடவிவிட, உள்ளே கிடந்து வேகிற வேக்காடு. அதைத் தன் கையாலேயே தன் பிள்ளைக்கு எடுத்து ஊட்டுவதா?  

"ஆமாங்கய்யா" என்றாள். "பிள்ளை சொல்றது சரி."

"முழு ஸ்பூனா?"

"முழு ஸ்பூன்."

 ஜட்ஜுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பிள்ளை அழுதா மருந்து குடுத்துத் தூங்க வைக்கிறவங்ககிட்ட நான் எப்படிம்மா விடறது?" என்றார். "அப்பாகிட்ட இருக்கட்டும். மாசம் ஒரு நாள் நீங்க இங்க வந்து பாத்துட்டுப் போகலாம்." சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். சர்வேயர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுண்டு நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

"நான் எல்லாம் கரெக்டாச் சொன்னேன்லம்மா?"

"கரெக்டாச் சொன்னடா தங்கம். ஒண்ணுகூடத் தப்பில்லை."

"அப்ப நான் உன்கூட வரலாம்ல?"

அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஜட்ஜ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.